ஸ்கேன் சென்டர் திறக்கப் போகிறீர்களா? மெஷினுக்கு முன்னால் ரேடியாலஜிஸ்டைப் பிடியுங்கள்

மருத்துவத் துறையில் பணம் போடச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே புள்ளிவிவரத்தைத்தான் காட்டுகிறார்கள். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ளது அது: துறைக்கு 2016 முதல் ஆண்டுக்குச் சுமார் 22 சதவீத வளர்ச்சி, 2022-இல் 37,200 கோடி டாலரை எட்டும் என்ற கணிப்பு. வங்கி மேலாளர் அதைச் சொன்னார். மெஷின் விற்க வந்தவர் சொன்னார். திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுத்த ஆடிட்டர் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார். மருத்துவமனைத் துறையில் நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்தே ‘தானியங்கி வழி’ (அரசின் முன் அனுமதி தேவையில்லாத வழி) திறந்திருக்கிறது என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. தென்மாவட்டத் தாலுகா ஊர் ஒன்றில் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், ரத்தப் பரிசோதனை மூன்றையும் ஒரே இடத்தில் தொடங்க நினைத்த எனக்கு எந்த வழியும் தானாக இயங்கவில்லை. ஒவ்வொரு கோப்பையும் நானே தள்ளினேன்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, தொழில் உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று எல்லாம் கொஞ்சம் அலைச்சலோடு வந்து சேர்ந்தன. தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 1997-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி பதிவு செய்ய 5,000 ரூபாய் கட்டினேன்; ஐந்தாண்டுக்குச் செல்லும். மருத்துவக் கழிவுக்கு 75 கிலோமீட்டருக்குள் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டால் வண்டி வந்து எடுத்துப் போகிறது. 48 மணி நேரத்துக்கு மேல் கழிவை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே, வண்டி எந்தக் கிழமைகளில் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

எக்ஸ்ரே அறையில்தான் முதல் அடி விழுந்தது. மெஷின் விற்றவர், “எந்த அறையாக இருந்தாலும் போதும் மேடம், மீதியை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றார். அந்த ஆட்கள் வந்து பார்த்தது மெஷினை இறக்கும் நாளில். நான் வாடகைக்கு எடுத்த கட்டடத்தில் இரண்டு பக்கமும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். பொது எக்ஸ்ரே அறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எதிர்பார்ப்பது 9 அங்குலச் செங்கல் சுவருக்குச் சமமான தடுப்பு. கதவில் ஈயத் தகடு, வெளியே சிவப்பு விளக்கு, எச்சரிக்கைப் பலகை எல்லாம் தனி. கட்டட உரிமையாளர் அண்ணாச்சிக்குச் சுவரைவிடப் பெரிய கவலை கதிர்வீச்சு. பின்புறம் நிற்கும் அவருடைய தென்னை பட்டுப்போகுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பொத்தானை அழுத்தும் நொடியில் மட்டும்தான் கதிர் வரும், மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை என்று விளக்கி, முன்பணத்தையும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்த பிறகு கொத்தனாரை உள்ளே விட்டார். சுவர் எழும்பியதும் மற்றதெல்லாம் சுலபம். வாரியத்தின் ‘இ-லோரா’ தளத்தில் பதிவு, மெஷினுக்குத் தரப் பரிசோதனை, டெக்னீஷியனுக்கு, அவர் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ். பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

அல்ட்ராசவுண்ட் கதை வேறு. பட்டா கேட்டால் சிட்டா, சிட்டா கேட்டால் அடங்கல் என்று கிராமத்தில் சொல்வார்களே, அதுதான். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாதவருக்கு ஸ்கேன் மெஷின் விற்பதே குற்றம். பதிவுக்கான ‘ஏ’ படிவத்திலோ மெஷின் விவரம் கேட்கிறார்கள். வங்கி, பதிவுச் சான்று வந்தால்தான் அந்த மெஷினுக்கான கடன் தொகையை விடுவிப்போம் என்கிறது. விற்பனையாளரிடம் மாடல் பெயரோடு விலைப்பட்டியல் வாங்கி இணைத்தால் போதும் என்பதை எனக்குச் சொன்னவர் பக்கத்து ஊரில் சென்டர் நடத்தும் ஒருவர். பதிவு கொடுக்கும் அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய்க்கு டி.டி. எடுத்து, பாலினம் சொல்ல மாட்டோம் என்ற பிரமாணப் பத்திரத்தோடு விண்ணப்பத்தைக் கொடுத்தேன். வாரக்கணக்கில் சத்தமில்லை. பிறகு நிராகரிப்புக் கடிதம் வந்தது. காரணம் எங்கள் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் பார்க்கும் மருத்துவர். ஒரு மருத்துவர் ஒரு மாவட்டத்துக்குள் அதிகபட்சம் இரண்டு ஸ்கேன் மையங்களில்தான் பதிவாகலாம் என்பது 2012-இல் சேர்த்த விதி. அவர் இப்போது வேலை செய்வது ஓர் இடத்தில்தான். ஆனால் எப்போதோ விட்டு விலகிய ஒரு மையம் அவர் பெயரை நீக்காமலே வைத்திருந்தது. பதிவேட்டின்படி நாங்கள் மூன்றாவது. அந்த மையத்தின் உரிமையாளரோ, ‘கடிதம் அன்றைக்கே கொடுத்துவிட்டோம்’ என்று தொலைபேசியில் சத்தியம் செய்தார். கொடுத்ததற்கு ஒப்புகை எங்கே என்றால் பதில் இல்லை. கடைசியில் மருத்துவரே தம் கைப்பட ஒரு விலகல் கடிதம் எழுதி, பதிவு அலுவலகத்தின் தபால் பிரிவில் முத்திரை வாங்கி, நகலை என்னிடம் கொடுத்தார். இதைப் படிக்கிறவர்கள் மெஷின் கம்பெனிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்: உங்கள் மருத்துவரின் பெயர் மாவட்டத்தில் எங்கெங்கே பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். விலகிய இடம் இருந்தால், முத்திரை விழுந்த கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

திருத்திய விண்ணப்பத்தோடு போனபோது எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “புது டி.டி. எடுத்து வாருங்கள் அம்மா” என்றார். பழைய 25,000? “அது போனது போனதுதான்.” அன்று நான் சும்மா போகவில்லை. அந்த 1994 சட்டத்தின் விதிகளை அச்செடுத்து 5-ஆம் விதியில் கோடு போட்டு வைத்திருந்தேன். நிராகரித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அதே மையத்துக்கு மறுபடி விண்ணப்பித்தால் கட்டணம் கிடையாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அவர் படித்தார். உள்ளே எடுத்துப் போனார். நெடுநேரம் கழித்து வந்து, ஒன்றும் சொல்லாமல் விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார். அந்தச் சத்தத்தை இன்னும் ரசிக்கிறேன். அதற்குப் பிறகு ஆய்வுக்கு வந்த குழுவில் யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையே வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அசலுக்குத்தான் தவணை விடுப்பு, வட்டிக்குக் கிடையாது. புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியமும் (உச்சவரம்பு 75 லட்சம்) 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் இவற்றையெல்லாம் இன்றே கைக்கு வரும் பணமாக நினைத்து மாதக் கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, ஜி.எஸ்.டி. நான் வாங்கியபோது மெஷின்களுக்கு 12 சதவீதம். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் நோயாளியிடம் நாம் வரி வாங்குவதில்லை. வாங்காததால் மெஷினுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது முழுக்க நம் தலையில் விழும் செலவு. என் திட்ட அறிக்கையில் அந்தத் தொகை இல்லவே இல்லை.

அதே அறிக்கையில் ‘விளம்பரம், தொடர்புச் செலவு’ என்று ஒரு தாராளமான வரி மட்டும் இருந்தது. அது எதற்கு என்று திறப்பு விழா முடிந்த கையோடு புரிந்தது. ஓர் இடைத்தரகர் வந்து உட்கார்ந்து, எந்த ஸ்கேனுக்கு எத்தனை சதவீதம் என்று மளமளவென ஒப்பித்தார். பரிந்துரைக்குக் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னெறி விதிகளில் தடைசெய்யப்பட்டவை. சட்டத்தை விடுங்கள், அந்தச் சதவீதத்தைக் கட்டுவது யார்? நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கைக்காசிலிருந்து போட்டது என்கிறது 2021-22-க்கான தேசியச் சுகாதாரக் கணக்கு. என் கல்லாவுக்கு வருவதும் அந்தக் காசுதான். முடியாது என்று அனுப்பிவிட்டேன். சில கிளினிக்குகளிலிருந்து எங்களுக்குச் சீட்டு வருவதில்லை, காரணம் தெரியும். விலைப்பட்டியலை வாசலில் பெரிதாக எழுதி வைத்தேன். சுற்றுக் கிராமங்களிலிருந்து தாமாக வருகிறவர்கள் மெல்லக் கூடுகிறார்கள். லாபம் என்று சொல்லும் நிலை இன்னும் இல்லை. வட்டியும் சம்பளமும் தட்டாமல் போகின்றன.

ஓடத் தொடங்கிய பிறகும் கவனம் வேண்டிய இடம் அதே 1994 சட்டத்தின் ‘எஃப்’ படிவம். கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒன்று. மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் எழுத்துப் பிழை என்று தப்பிக்க முடியாது. பதிவேட்டுக் குறையும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதிசெய்துவிட்டது. வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு இந்தப் படிவத்தை மட்டும் ஒரு முழு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

மருத்துவர் மாறினாலும் மெஷின் மாறினாலும் 30 நாளுக்கு முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். எங்கள் மருத்துவர் மகள் கல்யாணத்துக்கு நீண்ட விடுப்பு கேட்டிருக்கிறார். அவர் இடத்தில் உட்காரப் போகிறவரின் பெயரைச் சேர்க்க, அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்பே மனு கொடுத்துவிட்டேன். அவர் வேறெங்கும் பதிவாகவில்லை என்பதை விசாரித்த பிறகுதான்.