நடு மொக்கும் பக்கத்து வீட்டு அண்ணாவும்

ஓசூர்ல இருந்துக்கிட்டு வீட்டு முன்னாடி ரோஜா செடி வைக்கப் போறேன்னு சொன்னா முதல்ல சிரிப்பாங்க, அப்பறம் கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதையா இருக்கேம்பாங்க, அதுக்கப்பறம் ஆளாளுக்கு அட்வைஸ ஆரம்பிப்பாங்க. இங்க தெருவுக்கு ஒருத்தராவது பாலிஹவுஸ்ல வேலை பாத்தவர் இருப்பார்ங்க, அதான் காரணம். தளி ரோடு, பாகலூர், பேரிகை, தேன்கனிக்கோட்டைன்னு எந்தப் பக்கம் வண்டிய விட்டாலும் வெள்ளை ஷீட் போட்ட கொட்டகை, உள்ள பூரா ரோஸ், ஜனவரி கடைசி வந்துட்டா காதலர் தினத்துக்குன்னு சிங்கப்பூர் மலேசியாவுக்கெல்லாம் பொட்டி பொட்டியா ஏறும்.

எங்க தெருவுக்கு வாய்ச்சவர் பக்கத்து வீட்டு அண்ணா. ஒரு ரோஸ் பண்ணைல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவர். மத்த ஆம்பளைங்க சட்டைப் பைல செல்போன் வைப்பாங்க, இவர் கட்டர் வைப்பார். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் பைல கட்டர் இருக்கும், ஸ்டேஜ்ல சொருகி இருக்கற பூவ எல்லாம் பாத்து "இது ரெண்டாம் கிரேடு, காம்பு நாப்பது சென்டி கூட இல்ல"ன்னு மாப்ள வீட்டுக்காரங்க காதுல விழற மாதிரி சொல்லுவார்.

எங்க வீட்ல தோட்டம்னு பெருசா எதுவும் இல்ல, கேட்டுக்கும் வாசப்படிக்கும் நடுவுல ஒரு துண்டு செம்மண் அவ்ளோ தான். காலைல இருந்து மதியம் வரை நல்ல வெயில், அப்பறம் எதிர் வீட்டு மாடி நிழல். நீளமா வளர்ற செடி எல்லாம் அங்க சரிப்படாது, இடுப்புக்குக் கீழயே நின்னு கொத்துக் கொத்தா பூத்து மண்ண மூடணும்னு ஆசை. பெங்களூர்ல இருக்கற சித்தி ரோஸ் பைத்தியம், அவங்க தான் யூரோப்பியானா ஒட்டுச் செடி குடுத்தாங்க. நெதர்லாந்துல 1963ல வந்த ரகம், 1968ல அமெரிக்காவுல அவார்டெல்லாம் வாங்கி இருக்குன்னு குடுக்கும்போதே ஒரு பயோடேட்டாவும் சேத்து ஒப்பிச்சாங்க. கலர் அப்படி ஒரு டார்க் சிவப்பு. துளிர் வரும்போதே இலை செம்பு நிறத்துல மினுமினுன்னு இருக்கும், பூ வரலன்னா கூட செடிய பாத்துக்கிட்டே இருக்கலாம்.

நடற அன்னைக்கே அண்ணா காம்பவுண்டு மேல ஏறி உக்காந்துட்டார். செடிக்கு செடி ஒன்ற ரெண்டடி விடச் சொன்னார், ஒட்டு கட்டின இடம் மண்ணுக்குள்ள புதையக் கூடாதுன்னார், தண்ணிய இலை மேல ஊத்தாம அடில ஊத்துன்னார். எல்லாம் சரி தான், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. டிசம்பர் குளிர்ல இலை மேல மாவு தூவின மாதிரி சாம்பல் நோய் வந்தப்ப நனையற கந்தகம் கொண்டு வந்து பக்குவமா கலந்து அடிச்சுக் குடுத்தவரும் அவர் தான். ஒட்டுக்குக் கீழ வேர்ச்செடில இருந்து காட்டுக் கிளை ஒண்ணு கிளம்புச்சு, நான் அது பாட்டுக்கு ஜோரா வளருதேன்னு ரசிச்சுக்கிட்டு இருந்தேன், அவர் மண்ண நோண்டி அடியோட பிச்சு எடுத்தார். வெட்டினா மறுபடி நாலா வரும், பிச்சா தான் போகும்னார். இப்படி எல்லாம் உதவி பண்ற மனுஷன் மேல எப்படி சந்தேகம் வரும் சொல்லுங்க.

தர்மபுரில நாத்தனார் பையனுக்கு காதுகுத்து. போகும்போது ஒவ்வொரு கிளை நுனிலயும் மொக்கு கொத்தா நின்னுச்சு, வந்தா எல்லாமே தெறந்து இருக்கும், போட்டோ எடுத்து சித்திக்கு அனுப்பணும்னு பஸ்ல வரும்போதே கேப்ஷன் வரை யோசிச்சு வெச்சுட்டேன். கேட்ட தெறந்தா ஒவ்வொரு கொத்துலயும் ஒரே ஒரு மொக்கு. நடுவுல இருக்கறது மட்டும். அதுலயும் ரெண்டு மூணு மொக்குக்கு வெள்ளை வலைத் தொப்பி வேற மாட்டி இருக்கு, பண்ணைல மொக்கு பெருசாகறதுக்கு போடுவாங்களே அந்த கேப்.

"அத்த, என்ன ஆச்சு?"

அத்தை காதுகுத்துக்கு வரல, மூட்டு வலின்னு வீட்லயே இருந்துட்டாங்க. "அண்ணன் தான் வந்து சரி பண்ணிட்டுப் போனாரு, பாவம் வெயில்ல நின்னு பண்ணாரு, நான் காப்பி கூட போட்டுக் குடுத்தேன்." சுபம்.

அண்ணா காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருந்து எட்டிப் பாத்து சிரிக்கறார். பாராட்டுக்கு வெயிட்டிங்.

அவர சொல்லியும் குத்தமில்ல. அவர் வாழ்க்கை பூரா பாத்தது தாஜ்மஹால், அந்த நீளக் காம்பு சிவப்பு ரோஸ். ஒரு காம்புக்கு ஒரே பூ தான் இருக்கணும், பக்கத்துல வர்ற மொக்க எல்லாம் மிளகு சைஸ்லயே கிள்ளிடணும், அப்ப தான் சத்தெல்லாம் ஒரே பூவுக்குப் போகும், இருவது பூ ஒரு கட்டு, அம்பது சென்டி அறுவது சென்டின்னு காம்ப அளந்து தான் விலை. இந்தக் கொத்து ரோஸ்ல கணக்கே தலைகீழ். இங்க நடு மொக்கு தான் வில்லன். அது முதல்ல பூத்து, மத்ததெல்லாம் தெறக்கறதுக்குள்ள காஞ்சு போயி, கொத்து நடுவுல பழுப்பா நின்னுக்கிட்டு இருக்கும். அத சின்னதா இருக்கும்போதே எடுத்துட்டா சுத்தி இருக்கறதெல்லாம் ஏறக்குறைய ஒண்ணா விரியும். அண்ணா எடுத்தது பூரா நான் வெச்சுக்க நெனச்சது, வெச்சது பூரா நான் எடுக்க நெனச்சது.

இத நான் அவர்கிட்ட மரியாதையா எடுத்துச் சொன்னேங்க. அவர் டேப்ப எடுத்து ஒரு காம்ப அளந்தார். இருவத்தி ரெண்டு சென்டி. அந்த முகத்த நீங்க பாக்கணும், டாக்டர் ரிப்போர்ட்ட கைல வெச்சுக்கிட்டு எப்படி சொல்றதுன்னு யோசிப்பாரே அப்படி. "ஏம்மா, இதுக்கு பேக்கிங் பண்ண பொட்டியே கிடையாதும்மா."

"நான் எங்கண்ணா ஏத்துமதி பண்ணப் போறேன்?"

"பண்ணலன்னாலும் ஒரு தரம் வேணாமா?"

அடுத்த தடவை மொக்கு வந்ததும் காலைல அவர் வாக்கிங் போன நேரமா பாத்து நகத்தாலயே நடு மொக்க மட்டும் கிள்ளிக்கிட்டு வந்தேன், பாதி கூட முடியல, முதுகுக்குப் பின்னாடி "தேவுடா!"ன்னு ஒரு சத்தம். அவருக்கு வீட்ல தெலுங்கு, எங்ககிட்ட தமிழ், அதிர்ச்சி ஆனா மட்டும் தெலுங்கு தானா வந்துடும். "ராஜாவ கொன்னுட்டு சேனைய வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போற?" அன்னைக்கு சாயங்காலம் எங்க வீட்டுக்காரர்கிட்ட போயி "தங்கச்சிக்கு உடம்பு சரி இல்லையா, மனசு ஏதாவது?"ன்னு விசாரிச்சு இருக்கார். இவரும் சும்மா இல்லாம "கொஞ்ச நாளாவே அப்படி தாங்க"ன்னு சொல்லி இருக்கார். அந்தப் பஞ்சாயத்து தனி.

ஆனா பூத்துச்சு பாருங்க. ஒவ்வொரு கிளைலயும் ஒரு கை நெறைய சிவப்பு. மத்தியான வெயில்ல டார்க் கலர்ங்கறதால சில இதழ் ஓரம் கருகும் தான், அதையும் மீறி தெருவே நின்னு பாத்துட்டுப் போச்சு. ஸ்கூல் போற பொண்ணுங்க கேட்டுச்சுங்க, டீச்சர் கேட்டாங்க, அம்மன் கோயிலுக்குன்னு ஒருத்தர் கேட்டார். அத்தை மட்டும் மோந்து பாத்துட்டு "வாசனையே காணோமே, இத எப்படி சாமிக்கு வைக்கறது"ன்னு சொல்லிட்டு வெள்ளிக்கிழமை ஒரு தட்டு நெறைய பறிச்சாங்க. எனக்கு ரொம்ப லேசா ஒரு வாசம் வர்ற மாதிரி தான் இருந்துச்சு, வாதாடல.

அன்னைக்கு ராத்திரி மழை. இந்த ரகத்துல ஒரு சிக்கல், கொத்து கனம் ஜாஸ்தி, தண்ணியும் சேந்தா கிளை அப்படியே தலைய தொங்கப் போட்டு மண்ணுல படுத்துடும். காலைல நான் எழுந்து வர்றதுக்குள்ள அண்ணா வந்து வேலைய முடிச்சுட்டார். பண்ணைல செடி சாயாம வரிசைக்கு கயிறு இழுப்பாங்க இல்ல, அதே மாதிரி பிளாஸ்டிக் கயிற எடுத்து எல்லா செடியையும் சுத்தி, ஒரு முனைய ஜன்னல் கம்பில கட்டி, இன்னொரு முனைய இழுத்து டைட்டா எங்க கேட்டுல கட்டிட்டார். செடி அட்டென்ஷன்ல நிக்குது. கேட்டு தெறக்கல.

எங்க வீட்டுக்காரர் பைக்க ஸ்டார்ட் பண்ணி ஹெல்மெட் போட்டுக்கிட்டு உள்ள நிக்கறார். பால்காரர் வெளிய நிக்கறார். அதே நேரத்துக்கு கேஸ் சிலிண்டர் வேற வந்துச்சு, அந்தத் தம்பி கேட்ட பாத்தார், கயிற பாத்தார், பூவ பாத்தார், "அக்கா, வெட்டிடவா?"ன்னு தான் கேட்டார், "தொடாத!"ன்னு நானும் அண்ணாவும் ஒரே நேரத்துல கத்துனோம். அந்த ஒரு விஷயத்துல தான் எங்களுக்குள்ள ஒத்துமை. கடைசில சிலிண்டர் அண்ணா வீட்டு கேட்டு வழியா போயி, நடு காம்பவுண்டு மேல ஏறி, நாலு பேர் புடிச்சு இந்தப் பக்கம் இறங்குச்சு. எங்க வீட்டுக்காரர் ஆபீசுக்கு ஆட்டோல போனார். சாயங்காலம் நாலு மூங்கில் குச்சி வாங்கிட்டு வந்து அவரே நட்டுட்டார், ஒரு வார்த்தை பேசல.

அதுக்கப்பறம் அண்ணா கொஞ்ச நாள் எங்க பக்கம் எட்டிப் பாக்கல. கோவமோன்னு நெனச்சேன். ஒரு நாள் வந்து, பூத்து முடிஞ்ச கிளைல ஒண்ணு வேணும்மான்னு கேட்டு வாங்கிட்டுப் போனார், எதுக்குன்னு சொல்லல. அவர் வீட்டு மொட்ட மாடில அந்தக் கிளைல இருந்து கண்ணு எடுத்து காட்டு ரோஸ் வேர்ச்செடில ஒட்டு கட்டி இருக்கார்னு அவங்க வீட்டு அக்கா தான் அப்பறம் ரகசியமா சொன்னாங்க. கட்டினது புடிச்சுக்கிச்சு, வளந்துச்சு, மொக்கும் வெச்சுச்சு.

போன வாரம் அத்தையையும் என்னையும் கூப்பிட்டு மாடில காட்டினார். கட்டர பைல இருந்து எடுத்து, ஒரு கொத்த ரெண்டு விரல்ல பூ மாதிரி புடிச்சு, நடு மொக்க மட்டும் டக்குன்னு எடுத்துட்டு எங்கிட்ட திரும்பி, "இத எடுத்தா தான்மா மத்ததெல்லாம் ஒண்ணா விரியும், இதெல்லாம் புக்குல இருக்காது, அனுபவத்துல வரணும்"ங்கறார்.

அத்தை என்னை ஒரு இடி இடிச்சு, "நல்லா பாத்துக்கோ, அண்ணன் எப்படி பண்றாருன்னு."