வெயில் வேலும் நிழல் வேலும்: கொறங்காட்டு நாற்று, 90ஆம் நாள்

மூலனூர்ப் பக்கம் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கொறங்காட்டில் ஐந்தாறு வெள்வேல் மரங்கள் பட்டுப்போய்விட்டன. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் எல்லாம் சேர்ந்த மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. அந்த இடங்களில் நடத்தான் வைகாசியில் நாற்று விட்டேன். நிழல்வலைக்குள் வளர்க்கலாம் என்று நான் சொன்னேன். "நெழல்ல நின்னா கொடியாட்டம் போயிருங் கண்ணு" என்றார் அப்புச்சி. சரி, இரண்டு விதமாகவும் வளர்த்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

பிவிசி குழாயை 2 அடிக்கு நறுக்கி, நெடுகப் பிளந்து, கம்பியால் கட்டி மண் நிரப்பினேன். கவரில் வளர்த்தால் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். குழாய் என்றால் வேண்டும்போது பிரித்தும் பார்க்கலாம். மொத்தம் 24 குழாய்: மொட்டை மாடி வெயிலில் 12, 75 சதவீத நிழல்வலைக்குள் 12. வெள்வேல் விதைக்குத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தேன். ஊறி உப்பியதை மட்டும் விதைத்தேன்.

முதல் தவறு தண்ணீரில்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஊற்றினேன். வலைக்குள் மண் காயவே இல்லை; இரண்டு நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. அதற்குப் பிறகு விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன்.

ஒரு மாதத்தில் நிழல் நாற்றுகள்தான் ஜெயித்ததுபோல் தெரிந்தது. 60ஆம் நாள் இரண்டிரண்டு குழாய்களைப் பிரித்தேன். நிழலில் வளர்ந்தது தண்டு 23 செ.மீ., வேர் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட. வெயிலில் வளர்ந்தது 14 செ.மீ.தான், ஆனால் வேர் குழாயின் அடியைத் தொட்டுத் திரும்பியிருந்தது, மேற்பகுதி பென்சில் முனைபோல் தடித்து வேறு இருந்தது. மேல்மண் ஈரத்தைப் புல் உறிஞ்சிவிடும், தலையை ஆடு கடித்துவிடும். அப்படிப்பட்ட இடத்து மரம் முதலில் கீழேதானே சேர்த்துவைக்கும்? ஆப்பிரிக்கச் சவானாவில் தீயில் கருகிய வேல இனக் கன்றுகள் மறுபடி துளிர்ப்பதும் இந்த வேர்ச் சேமிப்பால்தான்.

இலையிலும் வித்தியாசம் உண்டு. நிழல் இலையின் சிற்றிலைகள் அகலமாக, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக இருந்தன. வெயில் இலை சிறியது, தடித்தது; உச்சிவேளையில் சிற்றிலைகளைப் பாதி மடக்கிக்கொண்டு வெயிலுக்கு விளிம்பைத்தான் காட்டும். அதைப் பார்ப்பதற்காகவே மதியம் மாடிக்குப் போவேன்.

அப்புறம் மூன்று நிழல் நாற்றுகளை ஒரேயடியாக வெயிலுக்கு மாற்றினேன். நாலே நாளில் பழைய இலைகள் வெளுத்து உதிர்ந்தன. பயந்துவிட்டேன். ஆனால் பத்து நாள் கழித்து நுனியில் வந்த புது இலைகள் சின்னதாக, தடிப்பாக இருந்தன. நிழலில் முற்றிய இலை ஒரேயடியாக வெயிலுக்கு ஏற்ப மாறிவிடுவதில்லை. செடி அதைக் கைவிட்டுவிட்டு வேறு மாதிரி இலை விடுகிறது. வலையை வாரத்துக்குக் கொஞ்சமாக விலக்கியிருந்தால் அந்த இலைகளை இழந்திருக்க வேண்டாம்.

ஆடு கடித்ததுபோல் இருபக்கமும் மும்மூன்று நாற்றுகளைத் தரையோடு நறுக்கிவிட்டேன். வெயிலில் மூன்றும் துளிர்த்துவிட்டன. நிழலில் ஒன்றுதான், அதுவும் மெதுவாக. மூன்று செடியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், அப்புச்சி சொன்னதை நம்புகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. வலை வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மர நிழல் வேறு: இலைகள் சிவப்பு ஒளியை எடுத்துக்கொண்டு தூரச்சிவப்பை (சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஒளி) கீழே விடும். அந்த விகிதத்தை வைத்துத்தான் பக்கத்தில் செடி இருப்பதை நாற்று உணர்ந்து நீள்கிறது. அதனால் நான்கு குழாய்களில் புதிதாக விதைத்து வேப்பமரத்தடியில் வைத்திருக்கிறேன். நேற்றுத்தான் முளை எட்டிப் பார்த்தது. வெயில் நாற்றுகள் ஐப்பசி மழையோடு மூலனூர் போகின்றன; குழி எடுக்க அப்புச்சி இடம் குறித்து வைத்துவிட்டார்.