மல்டிபிராஞ்ச் பைப்லைனும் இரண்டு 404-களும்

பில்ட், அதாவது நிரலைத் தொகுக்கும் வேலை, எந்த நிலையில் இருக்கிறது என்று நிறத்தால் சொல்லும் எங்கள் டாஷ்போர்டு சிவப்பைக் காட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அது சாம்பல் நிறத்தைக் காட்டியது. சிவப்பைப் பார்த்தால் யாராவது பதறி எழுவார்கள். சாம்பல் கட்டத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பில்ட் உடைந்து கிடப்பது தெரியாமல், டெஸ்டிங் பிரிவில் பழைய பதிப்பையே வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் எளிது. பில்டுகளைத் தானாக ஓட்டும் சர்வர் மென்பொருள் ஜென்கின்ஸ். வாடிக்கையாளர் தரப்பில் அதில் இருந்த வேலைகளை எல்லாம், நிரலின் கிளை ஒவ்வொன்றுக்கும் தனியாக பில்ட் ஓட்டும் மல்டிபிராஞ்ச் பைப்லைனுக்கு மாற்றிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் அலுவலகச் சுவர் டிவியில் ஓடும் டாஷ்போர்டோ, ஒவ்வொரு வேலைக்கும் ஏபிஐ, அதாவது மற்ற நிரல்கள் தகவல் கேட்பதற்கென ஜென்கின்ஸ் வைத்திருக்கும் வழி, தருகிற 'கலர்' என்ற மதிப்பை வாசித்துக் கட்டத்துக்கு நிறம் பூசுகிற பழைய நிரல். மல்டிபிராஞ்ச் என்பது ஜென்கின்ஸுக்கு ஒரு ஃபோல்டர். பில்ட்டின் படிகளை எழுதிவைக்கும் ஜென்கின்ஸ்ஃபைல் என்ற கோப்பு இருக்கிற ஒவ்வொரு கிளையும் அதற்குள் தனி வேலை. ஃபோல்டருக்கு ஏது கலர்? ஒரு படி உள்ளே இறங்கி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நிரல் மாற்றம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

முடியாதது மற்றதெல்லாம்.

டாஷ்போர்டுக்கென ஒரு தனிக் கணக்கும், கடவுச்சொல்லுக்குப் பதிலாக நிரல் பயன்படுத்தும் ஏபிஐ டோக்கனும் கேட்டிருந்தேன். டோக்கன் வந்தது, வாட்ஸ்அப்பில், திரையைக் கைபேசியால் எடுத்த புகைப்படமாக! 34 எழுத்துகள். 'பி'யா 6-ஆ 8-ஆ என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். ஜென்கின்ஸ் டோக்கனை உருவாக்கும்போது ஒரே ஒரு முறைதான் காட்டும், பிறகு அவர்களே நினைத்தாலும் பார்க்க முடியாது. எனவே கேட்கும்போதே, நகலெடுத்துப் பாதுகாப்பான வழியில் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

டோக்கனைப் போட்டு ஓட்டினால் 404, அதாவது 'அப்படி ஒரு பக்கமே இல்லை' என்ற பதில். சர்வரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு டிக்கெட் போட்டேன். "404 என்றால் முகவரி தவறு. என் கணினியில் திறக்கிறது. சரிபார்க்கவும்" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார். அவர் அட்மின், அவருக்கு எந்தக் கதவும் திறக்கும். மீண்டும் திறந்தேன், மீண்டும் மூடினார்.

நேரில் போய்ப் பேசுவோம் என்று புதிய பேருந்து நிலையத்தில் கோவில்பட்டி பஸ் ஏறினேன். அவர்கள் இருப்பது கங்கைகொண்டான் சிப்காட்டில். நாற்கரச் சாலையில் இறங்கி, உச்சி வெயிலில் நடந்து வாசலை அடைந்தால், காவலர் மறித்தார்: "அண்ணாச்சி, லேப்டாப்புக்கு அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறீர்களா?" அழைப்புக் கடிதம் இருந்தது, அடையாள அட்டை இருந்தது; லேப்டாப்புக்குத் தனிச் சீட்டு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதை அவரிடமே ஒப்படைத்துவிட்டு உள்ளே போனால், நான் பார்க்க வேண்டியவர் அன்று விடுப்பு. மோர் கொடுத்தார்கள். நல்ல மோர்தான். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

விடை பஸ்ஸில் வரும்போதே கிடைத்தது. ஜென்கின்ஸில் 'ஹூஆம்ஐ' என்று ஒரு பக்கம் உண்டு. டோக்கனோடு அதைக் கேட்டால், நீங்கள் யார் என்று அது சொல்லும். கைபேசியிலிருந்தே கேட்டுப் பார்த்தேன்; டாஷ்போர்டு கணக்கின் பெயர் சரியாக வந்தது. டோக்கன் தவறாக இருந்தால், 'நீ யார் என்று தெரியவில்லை' என்கிற 401 வந்திருக்கும். அப்படியானால் 404 எதற்கு? வாசிக்க அனுமதி இல்லாத வேலையை ஜென்கின்ஸ் 'அனுமதி இல்லை' என்று சொல்லாது. அப்படி ஒன்றே இல்லை என்று சாதிக்கும். அது இருப்பதே வெளியே தெரியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. உள்ளே இருந்த பைப்லைனை வாசிக்க எங்கள் கணக்குக்கு 'ரீட்' அனுமதி கொடுத்திருந்தார்கள், அதைச் சுற்றியிருந்த வெளி ஃபோல்டருக்குக் கொடுக்கவில்லை. வெளியே அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. இதை எழுதி அவருடைய மேலாளருக்கும் ஒரு நகல் அனுப்பியதும், டீ குடித்து வருவதற்குள் சரியாகிவிட்டது. ஒரு டிக்! அதற்குத்தான் இத்தனை அலைச்சல்.

மெயின் கிளை பச்சையானது. ஆனால் 'ஃபீச்சர்/பில்லிங்' போல நடுவில் சாய்கோடு உள்ள கிளைகள் எல்லாம் மறுபடி 404. இந்த முறை முகவரிதான் தவறு, அந்த மனிதர் சொன்னது போலவே. அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சாய்கோடுள்ள கிளையின் பெயரை ஜென்கின்ஸ் '%2எஃப்' போட்டு வைத்துக்கொள்கிறது. முகவரியில் அந்தச் சதவீதக் குறியும் ஒருமுறை மாறி '%252எஃப்' ஆகிறது. எங்கள் பழைய நிரலை எழுதிவிட்டுப் போன புண்ணியவான், திரையில் காட்டும் பெயரை எடுத்து ஒட்டி முகவரி செய்திருந்தார். முகவரியை நீங்களாகக் கட்டாதீர்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஏபிஐ தருகிற 'யூஆர்எல்' மதிப்பை அப்படியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

எல்லாத் தகவலும் ஒரே அழைப்பில் வரட்டும் என்று ஏபிஐ எத்தனை படி ஆழம் வாசிக்க வேண்டும் என்ற 'டெப்த்' எண்ணைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், சர்வர் திணறும். எவை வேண்டும் என்று 'ட்ரீ'யில் பட்டியலிட்டு, பெயர், கலர், முகவரி என்று தேவையானதை மட்டும் கேளுங்கள். கலரின் வாலில் 'அனிமே' என்று வந்தால் பில்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைத் தெரியாத நிறம் என்று நினைத்துச் சாம்பலாக்கிவிடாதீர்கள். 'ட்ரீ' பட்டியலில், பில்ட் ஓட்ட முடியுமா என்று சொல்லும் 'பில்டபிள்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரலைச் சேமித்துவைக்கும் 'கிட்'டில் அழித்த கிளை ஜென்கின்ஸிலிருந்து உடனே போய்விடுவதில்லை. பில்டபிள் இல்லை என்ற அடையாளத்தோடு கொஞ்ச காலம் தொங்கிக்கொண்டிருக்கும். நான் இப்போது அவற்றைத் திரைக்கே வரவிடுவதில்லை. மெயினும் ரிலீஸும் பெரிய கட்டங்கள், மற்ற கிளைகள் அடியில் ஒரே வரிசை, இணைக்கக் கேட்டு வரும் மாற்றங்களான புல் ரிக்வெஸ்ட்டுகள் உடைந்தால் மட்டும் தலைகாட்டும். டெஸ்டிங் பிரிவில் இன்னும் பெரிய எழுத்து வேண்டும் என்கிறார்கள். அது அடுத்த வாரம்.