டிசிஎஸ்: பிழை என்று சொல்வதற்கு முன்

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமான சிமுலேட்டர் விளையாட்டில் ஹார்னெட் போர் விமானத்தை ஓட்டி, டாக்கான் நிலையத்துக்கு (விமானத்துக்குத் திசையும் தூரமும் காட்டும் ரேடியோ நிலையம்) நேர் மேலே 6,000 அடியில் பறக்கும்போது தூரம் 1 மைல் என்று காட்டினால் அது பிழையல்ல. டாக்கான் அளப்பது சாய்வுத் தூரம், அதாவது தரையில் உள்ள தூரமல்ல, விமானத்துக்கும் நிலையத்துக்கும் இடையே உயரமும் சேர்ந்த நேர்கோட்டுத் தூரம். 6,076 அடி ஒரு கடல் மைல்.

நிஜமான பிழையா? மாட்களை (பிறர் செய்த கூடுதல் கோப்புகள்) கழற்றி, விளையாட்டின் கோப்புகளைச் சரிசெய்யும் ரிப்பேரை ஓட்டிய பிறகும் வருகிறதா பாருங்கள். காலி மிஷனில் ஒரே விமானத்தை வைத்து, 2, 3 நிமிடத்துக்குள் பிழையைக் காட்டி டிராக் கோப்பைச் சேமியுங்கள். டிராக் வீடியோ அல்ல. உங்கள் ஸ்டிக் அசைவுகளை மறுபடி இயக்குவது. நீளம் கூடினால் தடம் மாறும், பத்திரமாக இறக்கிய விமானம் அங்கே மலையில் போய் மோதும். ஆகவே டிராக்கை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, விளையாட்டு தானே எழுதிவைக்கும் லாக் கோப்போடு அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்புங்கள்.

'ரேடார் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் யாருக்குப் புரியும்? எந்த மோட், எந்த பட்டன், வர வேண்டியது எது, வந்தது எது என்று எழுதுங்கள். பொதுவில் வெளியான கையேட்டின் பக்க எண் ஆதாரத்துக்குப் போதும். ரகசிய ஆவணங்களைத் தொடவே வேண்டாம்.