பாதியில் நின்ற மாணவரும் 45 நாள் கெடுவும்

2025 இலையுதிர்காலத்தில் எங்கள் கல்லூரிக்கு வந்த தணிக்கையாளர்கள், படிப்பைப் பாதியில் விட்டுச் சென்ற 40 மாணவர்களின் கோப்புகளைக் கேட்டு வாங்கினார்கள். அவற்றில் மூன்றில், அமெரிக்க அரசுக்குத் திரும்பிப் போக வேண்டிய உதவிப் பணம் கெடு கடந்து போயிருந்தது. நாற்பதுக்கு மூன்று என்றால் நூற்றுக்கு ஏழரை. விதி வகுத்திருக்கும் எல்லை நூற்றுக்கு ஐந்து. ஒன்றிரண்டு தவறுகள் என்றால் விட்டுவிடுவார்கள், மூன்றை விடமாட்டார்கள். நான் அந்தக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் பணிபுரிகிறேன். அந்த மூன்றில் இரண்டு என் மேசையைக் கடந்து போனவை.

அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் தலைப்பின் கீழ் வருபவைதாம் பெல் மானியம், டைரக்ட் கடன் போன்ற கூட்டரசு உதவிகள். பருவத் தொடக்கத்தில் முழுத் தொகையும் மாணவரின் கணக்கில் வரவாகிவிடும். ஆனால் மாணவர் அதை நாள்தோறும் படித்து ஈட்டுகிறார் என்பதே சட்டத்தின் பார்வை. பருவம் முடியுமுன் அவர் விலகினால், ஈட்டாத பங்கைக் கணக்கிட்டுத் திருப்பியனுப்பும் பொறுப்பு கல்லூரியைச் சேரும். 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இந்த ஏற்பாட்டை எங்கள் துறையில் எல்லோரும் 'ஆர்-டூ-டி-ஃபோர்' ('நான்காம் தலைப்பு உதவியைத் திருப்புதல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றே சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 விசாவில் படிக்க வருபவர்களுக்குக் கூட்டரசு உதவி கிடையாது என்பதால் நம்மவர் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளும் கிரீன் கார்டு பெற்றவர்களும் இதற்குள் வருவார்கள்.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதை மூன்று கோப்புகளில் முதலாவதைக் கொண்டே சொல்கிறேன். 2025 வசந்தப் பருவம் ஜனவரி 13 திங்களன்று தொடங்கி மே 2 வெள்ளியன்று முடிந்தது. விடுமுறை நாட்களையும் சேர்த்து நாட்காட்டியில் 110 நாட்கள். அந்த மாணவி, தாயின் உடல்நிலை மோசமானதால், பிப்ரவரி 21 அன்று மாணவர் நல அலுவலகத்துக்குச் சென்று விலகல் படிவத்தைக் கொடுத்தார். அவருக்கு அந்தப் பருவத்துக்காக வந்தவை பெல் மானியம் 3,000 டாலர், வட்டிச் சலுகையுள்ள கடன் 1,732 டாலர், சலுகையற்ற கடன் 990 டாலர், ஆக 5,722 டாலர். கல்லூரிக் கட்டணம் 4,200 டாலர்.

அவர் பருவத்தில் இருந்தது 40 நாட்கள். பருவத்தின் மொத்த நாட்களில் எத்தனை விழுக்காடு இருந்தாரோ, உதவியில் அத்தனை விழுக்காடு அவர் ஈட்டியது, மிச்சம் ஈட்டாதது. 60 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் முழு உதவியும் ஈட்டியதாகிவிடும். தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ வரும் விடுமுறையை மொத்த நாட்களிலிருந்து கழிக்க வேண்டும். எங்கள் மென்பொருள் அவர் ஈட்டியது 38.1 விழுக்காடு என்றது. கட்டணத்தில் ஈட்டாத பங்கான 61.9 விழுக்காட்டின்படி கல்லூரி 2,599 டாலர் 80 காசைத் திருப்பியனுப்பியது. எந்த உதவிக்கு முதலில் திருப்ப வேண்டும் என்ற வரிசையையும் சட்டமே வகுத்திருக்கிறது: முதலில் சலுகையற்ற கடன், பிறகு சலுகையுள்ள கடன், அதன் பிறகே மானியங்கள். அதனால் முழுத் தொகையும் அவருடைய கடன்களுக்கே போனது.

இதை எழுதும்போது சரியாக நடந்துவிட்டதுபோலத்தான் தோன்றுகிறது. ஜூன் மாதத்தில் அந்த மாணவி தொலைபேசியில் அழைத்தபோதுதான் இதன் மறுபக்கம் எனக்கு உறைத்தது. "என் கடனில் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டதாக உங்கள் கடிதம் சொல்கிறது. அப்படியிருக்க, கல்லூரிக்கு 2,600 டாலர் பாக்கி என்று இன்னொரு கடிதம் எப்படி வருகிறது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. எங்கள் கல்லூரியில் நான்காவது வாரத்துக்குப் பின் விலகுபவர்களுக்குக் கட்டணம் குறைக்கப்படுவதில்லை, அவர் விலகியதோ ஆறாவது வாரத்தின் முடிவில். கட்டணம் அப்படியே நிற்க, அதைச் செலுத்தியிருந்த உதவிப் பணம் அரசுக்குத் திரும்பிப் போய்விட, இடையில் விழுந்த பள்ளம் அவர் பெயரில் பாக்கியாக எழுந்துவிட்டது. அரசுக் கடனாக இருந்திருந்தால் விலகிய பின் ஆறு மாத அவகாசமும், அதற்கப்பால் பல ஆண்டுத் தவணையும் உண்டு. கல்லூரியின் பாக்கிக்கு அப்படி எதுவும் இல்லை. வேலையும் இல்லாமல் தாயின் மருத்துவமனைப் படுக்கையருகே இருந்த ஒருவரிடம் இதை விளக்கிச் சொல்வதற்கு எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவர் கோபப்படவில்லை. "படிவம் கொடுத்த அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

பொதுப்பணம் படிக்காத நாட்களுக்காகக் கல்லூரியிடம் தங்கக் கூடாது என்ற கொள்கையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்தக் கொள்கையின் சுமை பெரும்பாலும் கல்லூரியின் மேல் விழாமல், தாங்க முடியாத நேரத்தில் இருக்கும் மாணவரின் மேல் விழுகிறது. அதைக் குறைக்கக் கல்லூரியால் முடியும், சட்டம் அதைத் தடுக்கவில்லை.

இனித் தணிக்கைக்கு வருகிறேன். மாணவர் விலகிவிட்டார் என்று கல்லூரி முடிவுசெய்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணத்தை அனுப்பிவிட வேண்டும். நாங்கள் அந்த மாணவியின் கோப்பில் முடிவுசெய்த நாளாக மார்ச் 17 என்று பதிந்திருந்தோம், ஏனெனில் படிவம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அன்றுதான். ஏப்ரல் 18 அன்று பணத்தை அனுப்பினோம், கெடுவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டதாகவும் நம்பினோம். தணிக்கையாளர் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி மாணவர் நல அலுவலகத்தின் முத்திரையைக் காட்டினார். பிப்ரவரி 21. விலகலைத் தெரிவிப்பதற்கென்று கல்லூரியே நியமித்த அலுவலகம் அது. அதற்குத் தெரிந்த நாளே கல்லூரிக்குத் தெரிந்த நாள். எங்கள் மேசைக்கு வந்துசேர்ந்த நாளுக்கு விதியில் எந்த மதிப்பும் இல்லை. அப்படியானால் கெடு ஏப்ரல் 7. நாங்கள் 11 நாள் தாமதம். படிவம் மூன்று வாரத்துக்கும் மேலாக ஒரு தட்டில் கிடந்திருக்கிறது, யாரும் அதைத் தேடவில்லை.

இரண்டாவது கோப்பில் கணக்கு சரி, நாளும் சரி. கணக்குப் பிரிவு மாத இறுதியில் ஒரே தொகுப்பாகப் பணம் அனுப்பும் வழக்கம் வைத்திருந்ததால், ஏட்டில் உரிய நாளில் பதிவான தொகை உண்மையில் ஆறு நாள் கழித்தே போனது. மின்பரிமாற்றத்தைத் தொடங்கிய நாளையே விதி பார்க்கிறது. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. யாரிடமும் சொல்லாமல், எந்தப் படிவமும் கொடுக்காமல், வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடும் மாணவர்கள் உண்டு. பருவம் முடிந்து மதிப்பெண் வரும்போது எல்லாப் பாடத்திலும் தோல்வியைக் குறிக்கும் எஃப் என்று இருக்கும். அந்த எஃப், கடைசிவரை படித்துத் தோற்றவரின் எஃப்பா, அல்லது பாதியிலேயே போய்விட்டவரின் எஃப்பா? முன்னவர் உதவியை முழுதாக ஈட்டியவர், பின்னவர் விலகியவர். வருகைப்பதிவு எடுக்கக் கடமைப்படாத எங்களைப் போன்ற கல்லூரிகளில் இந்த இருவரையும் பிரித்தறிய ஒரே வழி, ஒவ்வொரு பேராசிரியரிடமும் கேட்பதுதான். தேர்வு எழுதினாரா, பணி சமர்ப்பித்தாரா, பாடம் குறித்த விவாதத்தில் பங்கேற்றாரா, எந்தத் தேதியில் என்று கேட்க வேண்டும். இணைய வகுப்புத் தளத்துக்குள் நுழைந்தார் என்ற பதிவு மட்டும் கல்விச் செயல்பாட்டுக்குச் சான்றாகாது. சான்றுள்ள கடைசித் தேதி கிடைத்தால் அதைக் கொள்ளலாம், கிடைக்காவிட்டால் பருவத்தின் நடுப்புள்ளியையே விலகிய நாளாகக் கொள்ளலாம்.

2024 இலையுதிர்ப் பருவம் டிசம்பர் 13 அன்று முடிந்தது. பேராசிரியர்கள் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். நான் மின்னஞ்சல் அனுப்பி, நினைவூட்டி, மீண்டும் நினைவூட்டி, கடைசிப் பதிலைப் பெற்று ஜனவரி 31 அன்று அந்த மாணவர் விலகியதாக முடிவுசெய்து, மார்ச் 7 அன்று பணத்தை அனுப்பினேன். ஆனால் இப்படிச் சொல்லாமல் போனவர்கள் விஷயத்தில், பருவம் முடிந்து 30 நாட்களுக்குள் கல்லூரி முடிவுக்கு வந்தாக வேண்டும். அதாவது ஜனவரி 12. அதிலிருந்து 45 நாள் பிப்ரவரி 26. பதிலுக்காக நான் காத்திருந்த காலம் எனக்குப் பொறுமையாகத் தெரிந்தது, விதிக்கு அது ஒன்பது நாள் தாமதம்.

விளைவு சிறியதல்ல. எல்லையைத் தாண்டிய தனியார் கல்லூரி, கடைசியாக முடிந்த நிதியாண்டில் திருப்பிய, திருப்பியிருக்க வேண்டிய மொத்தத் தொகையில் 25 விழுக்காட்டுக்கு வங்கியிடமிருந்து, ரத்துசெய்ய முடியாத கடன் உறுதிக் கடிதம் (கல்லூரி தராவிட்டால் வங்கியே பணம் தரும் என்ற உறுதி) பெற்று அமெரிக்கக் கல்வித் துறைக்குத் தர வேண்டும். கையிருப்பு குறைந்த ஒரு சிறிய கல்லூரிக்கு அந்தக் கடிதம் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. நிதி அதிகாரி வங்கியோடு பேசிய வாரங்களில் நான் அவர் முகத்தைப் பார்ப்பதற்கே தயங்கினேன்.

கெடு தவறியதைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. தணிக்கையாளர் முதல் கோப்பின் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்து, "வசந்த விடுமுறையை எத்தனை நாளாக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து நாள் என்றேன். அவர் நாட்காட்டியை என் பக்கம் திருப்பினார். கடைசி வகுப்பு மார்ச் 7 வெள்ளி, அடுத்த வகுப்பு மார்ச் 17 திங்கள். இடையில் இருப்பவை மார்ச் 8 சனி முதல் மார்ச் 16 ஞாயிறு வரை ஒன்பது நாட்கள். முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வார இறுதிகளும் விடுமுறையைச் சேர்ந்தவை. பருவத்தின் நாட்கள் 105 அல்ல, 101. நாற்பது நாளை 101ஆல் வகுத்தால் 39.6 விழுக்காடு. கல்லூரி திருப்பியிருக்க வேண்டியது 2,536 டாலர் 80 காசு. சரியாக 63 டாலர் கூடுதலாக அனுப்பியிருந்தோம், அந்த 63 டாலரும் அந்த மாணவியின் கல்லூரிப் பாக்கியில் ஏறியிருந்தது. மென்பொருளில் விடுமுறைத் தேதிகளை உள்ளிட்டவன் நான்.

தவறு ஒரு கோப்போடு நிற்கவில்லை. அந்தப் பருவத்தில் விலகிய ஒவ்வொருவரின் கணக்கையும் மறுபடி போட வேண்டியிருந்தது. நானும் சக ஊழியர் ஒருவரும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே கையால் கணக்கிட்டு, இருவர் விடையும் ஒன்றானால் மட்டுமே மூடினோம். திருத்தங்களை, மானியங்களும் கடன்களும் பதிவாகும் அரசின் சிஓடி தளத்தில் எப்படிப் பதிவது என்று கேட்டுத் தெளிந்துகொள்ளவே சில நாட்கள் போயின. மாணவர்களின் கல்லூரிப் பாக்கியில் கூடிப்போன தொகையைக் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து வரவு வைக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. வங்கிக் கடிதத்தின் செலவு நடுவே இருந்தபோதும் மறுக்காமல் ஒப்புக்கொண்டார்கள் என்பதை இங்கே பதிந்துவைக்க விரும்புகிறேன்.

திருத்த நடவடிக்கைத் திட்டத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்தவற்றில் பெரும்பாலானவை சாதாரண விஷயங்கள். விலகல் படிவம் எந்த அலுவலகத்தில் பெறப்பட்டாலும் அதே நாளில் எங்களுக்கு அறிவிப்பு வருகிறது. கணக்குப் பிரிவு வாரந்தோறும் பணம் அனுப்புகிறது. எல்லாப் பாடத்திலும் எஃப் பெற்றவர்களின் பட்டியல், மதிப்பெண் பதிவாகும் கெடு முடிந்த மறுநாளே எடுக்கப்படுகிறது. எஃப் போடும் பேராசிரியர், மாணவர் கடைசியாகக் கல்விச் செயல்பாட்டில் பங்கேற்ற தேதியையும் பதியாமல் மதிப்பெண் படிவத்தை முடிக்க முடியாது. கடைசியாகச் சொன்னதற்குப் பேராசிரியர் குழுவில் எதிர்ப்பு இருந்தது. இரண்டு கூட்டங்களில் நானே நின்று விளக்க வேண்டியிருந்தது. தேதியில்லாத ஓர் எஃப், விலகாத ஒரு மாணவரை விலகியவராக்கி அவர்மேல் பாக்கி ஏற்றிவிடக்கூடும் என்று கணக்கோடு காட்டிய பிறகு எதிர்ப்பு தணிந்தது.

அந்த மாணவி கேட்ட ஒன்றையும் சேர்த்தோம், தணிக்கை அதைக் கேட்கவில்லை. விலகல் படிவம் கொடுக்க வருபவரை உட்காரவைத்து, இன்று விலகினால் எவ்வளவு திரும்பிப் போகும், அதனால் கல்லூரிக்கு எவ்வளவு பாக்கி நிற்கும், 60 விழுக்காடு எந்தத் தேதியில் கடக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். 2025 வசந்தப் பருவத்தில் அந்தத் தேதி மார்ச் 23. தேதியைச் சொல்வது, வராதவரை வருவதாகக் காட்டச் சொல்வதல்ல. உண்மையிலேயே இன்னும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கக் கூடியவர், அந்த ஒரு வாரத்தின் விலை என்ன என்பதைத் தெரிந்து முடிவெடுக்கலாம். தாயின் அருகே போயே ஆக வேண்டியவர் போகட்டும், ஆனால் ஜூனில் வரப்போகும் கடிதத்தை முன்பே அறிந்து போகட்டும்.

63 டாலர் வரவு வைக்கப்பட்ட அன்று அந்த மாணவிக்கு நானே கடிதம் எழுதினேன். விடுமுறையை ஐந்து நாளாக எண்ணியது எங்கள் தவறு என்றும், ஒன்பது நாளாக எண்ணினால் தொகை எப்படி மாறுகிறது என்றும் இரு கணக்குகளையும் அருகருகே வைத்துக் காட்டியிருந்தேன். மீதிப் பாக்கிக்கு மாதத் தவணைத் திட்டம் ஒன்றையும் இணைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துத் தவணைப் படிவம் கையொப்பத்தோடு திரும்பி வந்தது. அதனுடன் வந்த ஒரு வரிக் குறிப்பில், அடுத்த இலையுதிர்ப் பருவத்தில் திரும்பிச் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்.