மாறுதல் வந்த மாதத்தில் ஓரியூர்

மே மாதம் பிறந்துவிட்டால் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் கோயில் வட்டாரங்களில், ஒரே பேச்சுதான். கோயில் முற்றத்தில், பால் வாங்கும் இடத்தில், அக்கம்பக்கக் குடும்பங்கள் செபிக்கக் கூடும் அன்பியக் கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில், எங்கே பார்த்தாலும் “நம் சாமிக்கு மாறுதல் உண்டா?” என்ற கேள்வி. சாமி என்றால் பங்கின் குரு. ஆயர் இல்லத்திலிருந்து பட்டியல் வருவதற்குள் ஊரில் ஆளுக்கொரு பட்டியல் தயாராகிவிடும். கோயில் வேலைகளைப் பார்க்கும் எங்கள் கோயில்பிள்ளையின் பட்டியல் பெரும்பாலும் தப்பாது. அவருக்கு யார் சொல்கிறார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

இந்த ஆண்டு மதுரைக்கு வெளியே இருக்கும் எங்கள் பங்குக்கு இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. பங்குத்தந்தை மாறுகிறார் என்பது ஒன்று. கிளைக் கிராமமாக இருந்த பக்கத்து ஊர் இனித் தனிப் பங்கு என்பது மற்றொன்று. முதல் செய்திக்குப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இரண்டாம் செய்திக்கு ஆண்கள் மீசையைத் தடவினார்கள். சப்பரம் யாருக்கு, பழைய ஆர்மோனியம் யாருக்கு, திருவிழா வரியில் மிச்சமிருக்கும் பணம் யாருக்கு என்று அன்று மாலையே கணக்குத் தொடங்கிவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் இரு ஊருக்கும் பொது என்பதில் எவருக்கும் மறுப்பில்லை.

பிரிவு உபசார விழா என்றால் எனக்குக் கொஞ்சம் ஒவ்வாது. பொன்னாடைகள் மலைபோல் குவியும். அன்பியத்துக்கு ஒருவர் மேடையேறி, வருகிற ஊரில் அந்தக் குரு செய்யப்போகும் சாதனைகள் வரை பேசுவார். ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் பேனர். அதில் குருவின் படத்தைவிட அச்சடிக்கக் காசு கொடுத்தவர்களின் படம் பெரிதாக இருக்கும். எங்கள் சாமி இதையெல்லாம் ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டார். பந்தலுக்கும் பேனருக்கும் ஆகும் பணத்தில் இரண்டு பஸ் பிடியுங்கள், இரு ஊர்க்காரர்களும் சேர்ந்து, புனித அருளானந்தர் மறைசாட்சியாக உயிர்விட்ட ஓரியூருக்குப் போய்வருவோம் என்றார். வேளாங்கண்ணி என்று சிலர் இழுத்துப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

புதன்கிழமை, கோழி கூவுவதற்கு முன்பே பஸ் கிளம்பியது. சாமி எவ்வளவு சொல்லியும் கிளைக் கிராமத்தார் ஒரு பஸ்ஸிலும் நாங்கள் ஒரு பஸ்ஸிலுமாகத்தான் ஏறினோம். அவர் பாதி வழி ஒன்றிலும் மீதி வழி மற்றொன்றிலும் வந்தார். மரியாயின் சேனை என்ற பக்தசபைப் பெண்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். பின்வரிசை டிரம்மும் டம்பரினும் வைத்திருந்த இளைஞர்களுக்கு. சிவகங்கையைத் தொடுவதற்குள் மகிமை மறையுண்மைகளைச் சொல்லி ஜெபமாலை முடிந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பேச்சு.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. சிவகங்கை ஊர்ப்பலகையைப் பார்த்ததும், “இதெல்லாம் நம் மதுரை மறைமாவட்டம்தான். பிறகு பிரித்துக்கொண்டு போனார்கள்” என்றார், ஏதோ போன வாரம் நடந்தது போல. சிவகங்கை தனி மறைமாவட்டமானது, அதாவது தனி ஆயரின் கீழ் வந்தது, 1987ல். மதுரை மட்டும் என்ன, அதுவும் 1938ல் திருச்சியிலிருந்து பிரிந்ததுதானே என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பெரியம்மாவிடம் காலக்கணக்கே தனி. ஆண்டுகளைச் சொல்லமாட்டார்; பங்குச் சாமிகளைத்தான் சொல்வார். லத்தீன் பூசை வைத்த சாமி காலத்தில் அவருக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. பீடத்தைத் திருப்பிப் போட்டுத் தமிழில் பூசை வைத்த சாமி காலத்தில் மூத்த மகனுக்கு ஞானஸ்நானம். மாதாவுக்குக் குகைபோல் கெபி கட்டிய சாமி காலத்தில், மூன்று முறை கோயிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசித்து, மகளுக்குத் திருமணம். பாடகர் குழுவோடு சண்டை போட்ட சாமி காலத்தில் கணவரின் அடக்கம். பங்கு இல்லத்தின் பெயர்ப்பலகையில் அத்தனை பேரும் வரிசையாக இருக்கிறார்கள், வந்த ஆண்டு, போன ஆண்டு குறித்து. அவர்கள் காலத்தில் என்ன நடந்தது என்பது பெரியம்மாவிடம்தான் இருக்கிறது.

சருகணியில் இறங்கி இட்லிப் பொட்டலங்களைப் பிரித்தோம். மருது சகோதரர்கள் தேர் செய்துகொடுத்த கோயில் என்று இந்த ஊருக்குப் பெயர் உண்டு. எங்களுக்கு அங்கே வேறொரு வேலையும் இருந்தது: புனிதர் பட்டத்துக்கான முதல் படியில் ‘இறை ஊழியர்’ எனப்படும் லெவே அடிகளாரின் கல்லறை. 1884ல் பிரான்சில் பிறந்த, இயேசு சபை என்ற துறவற சபையின் குரு. ராமநாதபுரம், ஆண்டாவூரணி, சருகணி என்று இந்த வறண்ட சீமையிலேயே வாழ்ந்து 1973ல் இறந்தார். கண்மாய் வெட்டியவர், பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலையும் சோறும் கிடைக்க வழி செய்தவர் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். கிளைக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, “இவரைப்போல ஓர் இடத்திலேயே இருந்தால் ஆகாதா? எதற்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தூக்கிப் போடுகிறார்கள்?” என்று கேட்டார். சாமி சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

திருவாடானைக்குப் பிறகு நிலம் மாறிவிடுகிறது. கருவேல மரங்கள், பனை, தண்ணீர் இல்லாத கண்மாய்கள், தூரத்தில் எங்கோ கடல் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு உப்புக் காற்று. ஓரியூரில் இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. திருத்தல வளாகத்தில் எங்களுக்கு முன்பே பல குடும்பங்கள். ஒரு மரத்தடியில் குழந்தைக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் காது குத்து. நெற்றியில் திருநீறோடு வந்த ஒரு தாத்தா, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு அருளானந்தர் சுரூபத்தின் முன் நின்றார். எங்களைவிட அவருக்குத்தான் அந்த இடம் பழக்கம் என்று தோன்றியது. எங்கே செருப்பை விடுவது, எங்கே மண் எடுப்பது என்பதை அவரே எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

அந்த மண்தான் ஓரியூர். சுற்றிலும் எங்கும் இல்லாத சிவப்பு. புனிதரின் ரத்தம் விழுந்து சிவந்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. தோல் நோய்க்குப் பூசுவார்கள், பிள்ளை வரம் கேட்டு எடுத்துப்போவார்கள். நானும் ஒரு பிடி எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். விரலிடுக்கில் ஒட்டிய மண் கைகழுவிய பிறகும் போகவில்லை.

புனித அருளானந்தர் 1647ல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரித்தோ. அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்த பிள்ளை. சிறுவயதில் கடும் நோய் வந்தபோது, பிழைத்துவிட்டால் ஓர் ஆண்டு இயேசு சபையினரின் அங்கியை அணிவிக்கிறேன் என்று அவருடைய தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, அங்கியும் அணிந்தது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்த் தாய்மார்களின் நினைவு வரும். அந்தோணியார் அங்கி போட்டு வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போகும் பிள்ளைகளின் நினைவும்தான். லிஸ்பன் சீமாட்டிக்கும் நம் ஊர்த் தாய்க்கும் நேர்ச்சையில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தப் பகுதியில் இயேசு சபையினர் நடத்திய மறைப்பணியான மதுரை மிஷனுக்கு வந்தபின் அருளானந்தர் காவி உடுத்தி, புலால் நீக்கி, பண்டாரசாமிகளைப்போல் கால்நடையாகவே ஊர் ஊராகப் போனார். சேதுபதிகள் ஆண்ட ராமநாதபுரம் மறவர் சீமையில் 1686லேயே பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு விடுதலையானவர்.

மதியத்துக்கு முன் நடந்த திருப்பலியில் சாமியின் மறையுரை சின்னதாகவே இருந்தது. தன்னைப் பற்றியோ எங்களைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட அருளானந்தர் பற்றித்தான் பேசினார். அப்போது போர்ச்சுகல் அரசராக இருந்தவர், அவரோடு சிறுவயதில் விளையாடிய பேதுரு. அரண்மனையில் தங்கி என் மகனுக்கு ஆசிரியராக இரு என்று அரசரே கேட்டார். அருளானந்தர் மறுத்துவிட்டு 1690ல் இங்கே திரும்பினார். தடியத்தேவன் என்ற மறவர் குலத் தலைவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி அப்போது ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண். அவளுடைய முறையீடு அரண்மனைக்குப் போனது. 1693 ஜனவரியில் அருளானந்தர் கைது. பிறகு ராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு, சேதுபதியின் தம்பி உடையத்தேவனிடம் அனுப்பப்பட்டார். சிறையிலிருந்து தன் சபைக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4 அன்று, பாம்பாற்றங்கரையில் தலை வெட்டப்பட்டது. அந்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அந்த நாளில்தான் வந்தது. 1947ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

விலக்கப்பட்ட அந்தப் பெண்ணைப் பற்றி மறையுரையில் எதுவும் இல்லை. பொதுவாக யாரும் சொல்வதில்லை. பங்கில் திருமண வழக்குகளையும் மணமுறிவுக் கண்ணீரையும் பார்த்தவர்களுக்கு அவளையும் ஒரு நொடி நினைக்கத் தோன்றும். நான் நினைத்துக்கொண்டேன். அருளானந்தரிடம் அவளுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். அதில் அவருக்குக் கோபம் வராது என்றுதான் நம்புகிறேன்.

மதியம் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். நேர்ச்சை ஆடு கிளைக் கிராமத்தாருடையது, அரிசி எங்களுடையது, சமையல் இரு ஊர் ஆட்களும் சேர்ந்து. அடுப்பு மூட்டியதும் சப்பரப் பேச்சு மறுபடி தலைதூக்கியது. சப்பரம் எங்கள் தாத்தாமார் வரி போட்டுச் செய்தது என்றார் ஒருவர். அதைத் தூக்கியது எங்கள் தோள் என்றார் அந்தப் பக்கத்தவர். பெரியம்மா கறிக்கு மஞ்சள் போட்டுக்கொண்டே, “தூக்கினவர்களும் வரி கொடுத்தவர்களும் ஒரே தோட்டத்தில்தான் படுத்திருக்கிறார்கள். அங்கே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்” என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை, குழம்பும் கொதித்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து வேப்பமர நிழலில் சாய்ந்திருந்தபோது கோயில்பிள்ளை ஒப்படைப்பைப் பற்றிச் சொன்னார். ஒரு குரு போகும்போது பூசைப் பாத்திரங்கள், திருவுடைகள், நற்கருணைப் பேழைச் சாவி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வைப்பார்கள். அவற்றைவிடப் பெரிய சொத்து பதிவேடுகள்: திருமுழுக்கு, திருமணம், அடக்கம். ஒருவர் எந்த ஊரில் திருமணம் செய்தாலும் அந்தச் செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு வந்து, பழைய பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே குறிக்கப்படவேண்டும். துபாய்க்குப் போனவனும் சென்னையில் குடியேறியவளும் அந்தப் பக்கத்தில் இன்னும் எங்கள் பங்குதான். கிளைக் கிராமத்துக்குப் புதுப் பதிவேடு தொடங்கும். பழையது எங்கள் அலமாரியிலேயே இருக்கும். அங்கே ஒருவருக்குப் பழைய ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்றால் எங்களிடம்தான் வந்து நிற்கவேண்டும் என்று சொல்லும்போது கோயில்பிள்ளையின் முகத்தில் சின்னச் சந்தோஷம் இருந்ததை மறைக்க முடியவில்லை.

பஸ்ஸில் ஒரு கல்யாணப் பெண்ணும் வந்திருந்தாள். அவளுடைய முதல் ஓலையைப் போன ஞாயிறு இந்தச் சாமி வாசித்தார். மூன்றாவது ஓலையை வரப்போகிறவர் வாசிப்பார், தாலியை எடுத்துக்கொடுப்பவரும் அவர்தான். பீடச் சிறுவன் ஒருவன் ஜூனில், குருவாகும் படிப்புக்கு, இளங்குருமடம் சேர்கிறான். அவன் அம்மா கையில் செம்மண் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

திரும்பும்போது, சருகணியில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. 1773ல் இயேசு சபை ஒடுக்கப்பட்டபோது இந்தச் சீமையில் குருக்கள் மிகவும் அருகிப்போனார்கள். அந்தச் சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1838ல். அந்த இடைவெளியில் பல கிராமங்களில் மாலை ஜெபம் சொன்னவர்கள் குருக்கள் அல்லாத உபதேசியார்கள். சாவு நேர்ந்தால் மண் போட்டுச் செபித்தவர்களும் அவர்கள்தான். இரண்டு மூன்று தலைமுறை அப்படி ஓடியிருக்கிறது. நாங்கள் என்னவென்றால் ஐந்து வருடம் இருந்த ஒருவருக்காக ஒரு மாதமாக மூக்கைச் சிந்துகிறோம். இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, “அழுவதும் பங்கு வேலைதான், நீ சும்மா இரு” என்று என்னை அடக்கிவிட்டார்.

சாமி போய்விட்டார். பொன்னாடை வேண்டாம் என்று சொன்னவருக்கு அன்று காலை எப்படியோ ஏழெட்டு விழுந்தன. புதியவர் வந்து, அதிகாலைப் பூசையை ஐந்தரையிலிருந்து ஆறுக்கு மாற்றிவிட்டார். பால் கறக்கப் போகிறவர்கள் கொதித்துப்போய் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு பங்குப் பேரவை கூடுகிறது. ஓரியூர்ப் பயணக் கணக்கில் கொஞ்சம் பணம் மிச்சம். அதை இரண்டு பங்குகளும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் முதல் பொருள். சப்பரம் இரண்டாவது.