அமாஸ்யாவை நான் படித்த கதை: முதலில் ஆற்றை வரையுங்கள்

எம்.ஏ. புவியியல் மூன்றாம் செமஸ்டரில் ஆளுக்கு ஒரு வெளிநாட்டு ஊரை எடுத்து, அதன் நில அமைப்பையும் வரலாற்றையும் எழுதி, கையால் வரைபடம் போட்டு, வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நின்று பதில் சொல்லச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள் பாரிஸ், கெய்ரோ என்று போனார்கள். நான் துருக்கியில் இருக்கும் அமாஸ்யாவை எடுத்தேன். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, புவியியல் சிந்தனை தாளில் வரும் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ பிறந்த ஊர் அது, எப்படியும் அவரைப் படித்தாக வேண்டும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டேன்.

முதல் வைவாவில் கோட்டை விட்டேன். ஆண்டுகள், அரசர்கள் எல்லாம் தலைகீழாகச் சொல்வேன், ஆனால் வரைபடத்தில் ஊரைக் கிஸிலிர்மாக் ஆற்றின் கரையில் வைத்திருந்தேன். தேர்வாளர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஆறு உங்க ஊருக்குள்ள எந்தப் பக்கத்துல இருந்து வருது?" என்று மட்டும்தான் கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை. மறுபடி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

இரண்டாம் தடவை புத்தகத்தைத் தொடாமல், செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு முழு வெள்ளைத்தாளில் ஆற்றை மட்டும் வரைந்தேன். அமாஸ்யா இருப்பது யெஷிலிர்மாக் கரையில். யெஷில் என்றால் பச்சை, கிஸில் என்றால் சிவப்பு, இர்மாக் என்றால் ஆறு. இரண்டும் கருங்கடலில்தான் சேர்கின்றன, அதனால்தான் குழப்பம். கிஸிலிர்மாக் சுமார் 1,355 கிலோமீட்டர், பழைய பெயர் ஹாலிஸ். யெஷிலிர்மாக் சுமார் 519 கிலோமீட்டர்தான், பழைய பெயர் ஐரிஸ். இது தோகாத் பக்கமிருந்து வந்து, அமாஸ்யாவின் இடுக்கான பள்ளத்தாக்கைத் தாண்டி, கீழே கெல்கித் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, மலைத்தொடரை அறுத்துப் போய் சார்ஷாம்பா சமவெளியில் கடலைத் தொடுகிறது. கெல்கித் பள்ளத்தாக்கு நிலநடுக்கம் வரும் வட அனடோலிய நிலப்பிளவை ஒட்டியது. 1939 டிசம்பர் எர்ஜின்ஜான் நிலநடுக்கத்தை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், அந்த அதிர்வு இந்தப் பக்கமெல்லாம் அடித்தது.

ஆறு சரியாக விழுந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. வடகரையில் செங்குத்தான ஹர்ஷேனா மலை, உச்சியில் கோட்டை, நடுச்சரிவில் கருங்கடல் ஓரத்துப் பழைய அரசான போண்டஸின் அரசர்களுடைய கல்லறைகள், அடியில் ஆற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி மர வீடுகள். தென்கரையில் 1486இல் முடிந்த இரண்டாம் பயேசித் மசூதி. அந்தக் கல்லறைகளின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சும்மா குகை தோண்டவில்லை. சில கல்லறைகளைச் சுற்றிலும் பாறையை வெட்டி எடுத்து மலையிலிருந்து பிரித்திருக்கிறார்கள், பின்பக்கமாக ஆள் நடந்து சுற்றி வரலாம். நான் அதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், தேர்வுக்கு ஒரு மதிப்பெண்கூடத் தராது, பரவாயில்லை.

அப்புறம் ஸ்ட்ராபோவின் 'ஜியாகிரஃபிகா' பன்னிரண்டாம் புத்தகம். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சொந்த ஊரைப் பற்றி அவர் எழுதியது சில பத்திகள்தான், கைடு புத்தகத்தை மூடிவிட்டு நேராக அதைப் படியுங்கள். ஆழமான பள்ளத்தாக்கு, ஆற்றோரம் ஒரு மதில், அது இரண்டு பக்கமும் சிகரங்கள் வரை ஏறுகிறது, மதிலுக்குள் அரண்மனையும் அரசர் கல்லறைகளும், இரண்டு பாலங்கள், முற்றுகையிட்டாலும் தண்ணீர் நிற்காதபடி ஆற்றை நோக்கிப் பாறையைக் குடைந்த வழி. கையில் என் வரைபடத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்தேன். போண்டஸுக்கு ஏன் இந்த இடுக்கில் ஒரு தலைநகரம் என்ற கேள்விக்கு விடை அதிலேயே இருந்தது. பிறகு கி.மு. 183இல் போண்டஸ் அரசர் முதலாம் ஃபார்னாகெஸ் கடற்கரையில் இருந்த சினோப்பைப் பிடித்ததும் தலைநகரம் அங்கே நகர்ந்தது, துறைமுகம் கிடைத்த பிறகு மலை இடுக்கில் ஏன் இருக்க வேண்டும்?

ஓட்டோமான் காலத்தை நான் வேகமாகத்தான் கடந்தேன். இளவரசர்கள் ஆளுநராக இருந்து ஆட்சி பழகிய ஊர், முதலாம் செலிம் பிறந்த இடம், இவ்வளவு போதும். 1555 உடன்படிக்கையை மட்டும் விடாதீர்கள். ஓட்டோமான் சுல்தான் சுலைமானுக்கும் ஈரானின் சஃபாவி ஷா தஹ்மாஸ்புக்கும் நடந்தது. ஈராக் ஓட்டோமான் பக்கம், தப்ரீஸ் ஈரான் பக்கம். இதை அதே இரண்டு பேரரசுகளும் பின்னால் போட்ட 1639 ஸுஹாப் உடன்படிக்கையோடு கலக்கிறவர்கள் நிறைய.

இன்னும் இரண்டு இடத்தில் சறுக்கும். அமாஸ்யாவின் பழைய பெயர் அமாசியா. அமிசோஸ் என்பது இன்றைய சம்சுன், அமாஸ்ட்ரிஸ் என்பது அமாஸ்ரா, இரண்டும் கடற்கரை ஊர்கள். ஆறு பக்கத்தில் இருந்தால் அமாஸ்யா, கடல் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று, நான் இப்படித்தான் ஞாபகம் வைத்தேன். அடுத்தது 1919, துருக்கி விடுதலைப் போராட்டம் தொடங்கிய வருடம். மே 19 அன்று முஸ்தபா கெமால் சம்சுனில் இறங்குகிறார், ஜூன் 22இல் அமாஸ்யா சுற்றறிக்கை, ஜூலையில் எர்ஸுரும் மாநாடு, செப்டம்பரில் சிவாஸ். இதோடு முடிந்தது என்று நினைத்தால் அக்டோபரில் மறுபடி அமாஸ்யா, இந்தத் தடவை இஸ்தான்புல் அரசின் பிரதிநிதியோடு பேசி எழுதிய உடன்பாடு, அமாஸ்யா நெறிமுறை என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. கடற்கரையிலிருந்து உள்ளே உள்ளே போகும் அந்தப் பாதையைப் படத்தில் பென்சிலால் இழுத்துவிட்டால் தேதிகளும் வரிசையாக நிற்கும்.

இரண்டாம் வைவாவில் அதே தேர்வாளர். படத்தைப் பார்த்தார், ஆற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஸ்ட்ராபோ நம்ம பக்கத்தைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?" என்றார். நல்லவேளை, பதினைந்தாம் புத்தகத்தையும் புரட்டியிருந்தேன். அகஸ்டஸ் சீசருக்குப் பரிசுகளோடு தூது அனுப்பிய இந்திய அரசனின் பெயரைப் பாண்டியன் என்கிறார், வேறு சிலர் போரஸ் என்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார், அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை, கேட்டதை எழுதியவர் என்றேன். "ரெண்டாவது பாதியையும் சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் மார்க்" என்று தாளை மூடினார்.